அதிபரின் காருக்குள் தவில்

கார்க் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றதன் செருப்பு சற்றுத் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. நல்லூரில் அந்த வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போன நான், யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று பதறிப்போய் ஓடினேன். குனிந்து பார்த்தால் எங்கள் பாடசாலையின் பழைய அதிபர். முன் இருக்கையில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, இருக்கைக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கஞ்சி போட்ட கொட்டன் சேலையில், ஒரு மடிப்புக் கலையாமல் கண்ட மனிதர், அன்று பழைய சல்வார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலைமயிரைத் துவாயால் கட்டியிருந்தார். என் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வந்திட்டீரோ? இஞ்சாலை வந்து பாரும். உந்த அம்ப்ளிஃபயர் இந்தச் சீற்றுக்குக் கீழை போகும்போலை கிடக்கு."

அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்ட நினைவு மலரைப் புரட்டிப் பார்த்தேன். பழைய மாணவிகளும் ஆசிரியர்களும் நிறைய எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். கண்டிப்பு, நேரந்தவறாமை, பாடசாலை வளவுக்குள் அவர் கால் வைத்ததும் விழும் அமைதி. நானும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுவும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அச்சில் பார்த்தபோது, இருக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வெளியே விட்டுவிட்டோமே என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தப் பாடசாலைக்குப் பௌதிகவியல் படிப்பிக்கப் போனபோது இளம் ஆசிரியை. கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். போன புதிதில் ஒருநாள், பிள்ளைகளின் கையில் இசைக்கவைகளைக் கொடுத்து ஒலி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆளுக்கொன்றைத் தட்டி, மேசையில் வைத்து, ஒரே கலகலப்பு. திடீரென்று எல்லாம் அடங்கியது. திரும்பினால் வாசலில் அதிபர். "சத்தத்தைப் பற்றிப் படிப்பிக்கிறதுக்கு இவ்வளவு சத்தம் தேவையோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அதன் பிறகு அவர் காலடி கேட்டாலே இசைக்கவைகளை மேசைக்குள் போட்டு மூடிவிடுவேன். பாடசாலையில் அவருடைய கடைசிச் சில வருடங்களில் கண்டிப்பு இன்னும் கூடியது. ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கதைக்கும்போது இன்னொருவர் வாய் திறக்கக்கூடாது. கதைக்கிறவர் எழும்பி நின்று, அவரை நேரே பார்த்துக் கதைக்க வேண்டும். மின்விசிறியைக்கூட நிற்பாட்டச் சொல்வார். வெயிலில் வேர்த்து ஒழுக, மகாராணிக்கு முன்னால் நிற்பதுபோல நின்று கதைப்போம். பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு ஆசிரியை, "இனி விழுந்து கும்பிட்டிட்டுத்தான் கதைக்கச் சொல்லுவா போலை" என்று முணுமுணுத்ததும், நாங்கள் சிரிப்பை அடக்கியதும் நினைவிருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நாங்கள் முதலில் செய்த வேலை, கூட்டத்தில் மின்விசிறியைப் போட்டதுதான்.

ஆகவே, சில வருடங்கள் கழித்து அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தபோது இருக்கையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். "பிள்ளை, நீர் இப்பவும் பௌதிகவியல்தானே படிப்பிக்கிறீர்? சனிக்கிழமை வேலை ஏதும் இருக்கோ?" என்றார். இல்லை என்று சொல்லும் துணிவு எனக்கு எங்கே வரப்போகிறது?

விஷயம் இதுதான். அவரிடம் ஒரு வெள்ளை நிறச் சின்ன ஜப்பான் கார் இருந்தது. கணவர் இறந்த பிறகு, ஓய்வூதியம் எடுக்கிற வயதில் கார் ஓடப் பழகி, தானே தேடி வாங்கியது. காரோடு வந்த ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால், ஒரு அளவுக்கு மேல் பாட்டு கிழியத் தொடங்கிவிடும். பட்டணத்தில் கார்களுக்குச் சவுண்ட் பூட்டுகிற கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த பெடியன், ரேடியோவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய திரை வைத்த புதுச் செற் ஒன்று போடச் சொன்னான். இவருக்கு அது பிடிக்கவில்லை. காரின் ஏசி திருகிகளும் ரேடியோவும் ஒரே முகப்பில் சேர்ந்திருந்தன. அதைக் குடைந்து வேறொன்றை வைத்தால் காரின் முகம் கெட்டுப்போகும் என்றார். "அப்ப இதுவே காணும்தானே அம்மா, உங்களுக்கு ஏன் கனக்கச் சத்தம்?" என்று அவன் சொன்னதும் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மெல்பேணில் இருக்கும் மகனிடம் கேட்டு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் சின்ன அம்ப்ளிஃபயர் ஒன்றை எடுப்பித்தார். பழைய ரேடியோவை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை இதற்குள் கொடுத்து, வலுவாக்கித் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பலாம். பெட்டியோடு வந்த கைநூலை முழுவதுமாகப் படித்து முடித்திருந்தார். "படிச்சாச்சு. விளங்காத இடம் கொஞ்சம் இருக்கு. அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டனான்" என்றார். கார் ஓடப் பழகி லைசென்ஸ் வைத்திருந்தேனே தவிர, நான் வாழ்நாளில் ஒரு காரின் பொனற்றைத் திறந்தவள் இல்லை. மின்சுற்றைப் பலகையில் வரையத் தெரியும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். "அப்ப ரெண்டு பேருமாப் பழகுவம்" என்று பொனற்றைத் திறந்தார்.

அந்தச் சனிக்கிழமையைப்போல் நான் சிரித்த நாள் குறைவு. பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி வைத்துவிட்டு, டாஷ்போர்டின் பிளாஸ்ரிக் முகப்பை மெல்ல நெம்பினோம். 'டக்' என்று ஒரு முறிவுச் சத்தம். இருவரும் அசையாமல் நின்றோம். "முறிஞ்சது அதோ, என்ரை நாரியோ?" என்று இடுப்பைப் பிடித்தார் அதிபர். உள்ளே ஒரு சின்னக் கொளுக்கிதான் போயிருந்தது. முகப்புக் கையோடு வந்ததும், பின்னால் வண்ண வண்ண வயர்கள் இடியப்பச் சிக்கலாகத் தொங்கின. எந்த நிறம் எந்த ஸ்பீக்கருக்கு என்று போனில் ஒரு வரைபடத்தைத் தேடி எடுத்து நான் வாசிக்க, அவர் ஒவ்வொன்றையும் விரலால் பிரித்து, பள்ளிக்கூடத்து முதலாந்தரப் பிள்ளைகளை வரிசையில் விடுவதுபோல் ஒழுங்காக விட்டார். பற்றரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரை எஞ்சின் பக்கமிருந்து காருக்குள் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. இடையில் இருந்த இரும்புத் தட்டில் ஒரு ரப்பர் அடைப்பு இருந்தது. அதில் சின்னத் துளை போட்டு, நான் வெளியிலிருந்து வயரைத் தள்ள, அவர் உள்ளே படுத்திருந்து பிடிக்க வேண்டும். "வருதோ மிஸ்?" "வரேல்லை." "இப்ப?" "என்ன?" "இப்ப வருதோ எண்டு கேட்டனான்." பதில் இல்லை. நான் மெல்லமாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உள்ளிருந்து வெற்றிக் குரல் ஒன்று வந்தது. பாதி வயர் உள்ளே போய் அவர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. அதைக் கழற்றாமலே எழும்பி வந்து, "மாலை போட்டே விட்டீர்" என்றார். அவருக்கு முன்னால் விறைத்து நின்ற அந்தப் பழைய பயத்தை எங்கே வைத்தேனென்று தெரியவில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்கு முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தோம். அம்ப்ளிஃபயரை இருக்கைக்கு அடியில் பூட்டினோம். அதன் கறுப்பு வயரைக் காரின் உடம்பில் எங்காவது இறுக்க வேண்டும். இருக்கையைப் பூட்டியிருந்த போல்ட் ஒன்றோடு சேர்த்து முடுக்கினேன். பற்றரியைத் திரும்ப இணைத்து அவர் திறப்பைத் திருப்பினார். இருக்கைக்கு அடியில் ஒரு நீல வெளிச்சம் வந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகள்போல் கைதட்டினோம். அவர் சாரதி இருக்கையில், நான் பக்கத்தில். எஞ்சினை இயக்கினார். பாட்டு ஒன்றும் போடுமுன்பே, நான்கு ஸ்பீக்கரிலிருந்தும் மெல்லிய கீச்சொலி ஒன்று கிளம்பியது, நுளம்பு காதுக்குள் புகுந்ததுபோல. அவர் அக்சிலறேற்றரை மிதிக்க அதுவும் ஏறியது, விட, இறங்கியது.

"மிஸ், கேக்குதோ?"

அவர் என் பக்கம் திரும்பி என் வாயைப் பார்த்தார். "என்ன?"

"கீச்செண்டு ஒரு சத்தம். நீங்கள் மிதிக்க மிதிக்கக் கூடுது."

மீண்டும் மிதித்தார். தலையைச் சரித்துக் கேட்டார். இன்னும் ஓங்கி மிதித்தார். எனக்குப் பல் கூசியது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை நிற்பாட்டினார்.

"எனக்கு அது கேளாது பிள்ளை," என்றார். "மெல்லிய சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லை. உந்த வேம்பிலை அணில் கத்துதெண்டு தங்கச்சி சொல்லுறாள். எனக்கு அது வாலை ஆட்டுறது மட்டும்தான் தெரியும். ஆக்கள் கதைக்கேக்கையும் சொல்லு பாதிதான் வரும். வாயைப் பாத்துத்தான் மிச்சத்தைப் பிடிக்கிறது."

"எப்ப தொடக்கம் மிஸ்?"

"பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கையே துவங்கீட்டுது. கடைசி வருசங்கள் சரியான கஷ்டம். ஆருக்கும் சொல்லேல்லை."

எழும்பி நின்று, நேரே பார்த்து, ஒருவர் மட்டும். மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னது. அந்தக் கூட்டங்கள் எல்லாம் எனக்குள் ஒரு முறை திரும்பவும் நடந்து முடிந்தன. நாங்கள் மகாராணி என்று நினைத்த ஒருவர், மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் ஒவ்வொருவரின் உதட்டையும் பிடித்துக்கொண்டு கரை சேரப் பார்த்திருக்கிறார். மகன் எடுத்துக் கொடுத்த காதுக் கருவி ஒன்று அலுமாரியில் கிடந்ததாம். போட்டால் எல்லாப் பாட்டும் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்குமாம். பாட்டுக் கேட்பதையே விட்டிருந்தார். ஒருநாள் காரில் போகும்போது தற்செயலாகச் சத்தத்தைக் கூட்டியதில், முதுகுப் பக்கத்தால் ஏதோ கேட்டதாம். அன்று பிடித்த ஆசைதான் இந்த அம்ப்ளிஃபயர்.

அவருக்குத் தேறுதல் சொல்லும் இடத்தில் நான் இருந்ததே இல்லை. "அப்ப உந்தக் கீச்சு உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே மிஸ்? விடுவமோ?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கும் கேள்விதான், ஆனால் அப்போது களைத்திருந்தேன்.

"எனக்குக் கேளாதுதான். உமக்குக் கேக்குதெல்லே?" என்றார் அதிபர். "உம்மை ஏத்திக்கொண்டு போகேக்கை உம்மடை காதுக்குள்ளை நுளம்பு பறக்க விடுறதோ? கைநூலிலை இதுக்கு ஒரு பக்கம் இருக்கு. எடும்."

கறுப்பு வயர் இரும்போடு சரியாகத் தொடாவிட்டால் எஞ்சினின் சத்தம் பாட்டோடு கலக்கும் என்று அதில் எழுதியிருந்தது. நான் முடுக்கிய போல்டைச் சுற்றி நல்ல தடிப்பாகப் பெயின்ற் இருந்தது. அதைக் கழற்றி, வேறோர் இடம் தேடி, சாண்ட் பேப்பரை என்னிடமிருந்து வாங்கி அவரே தேய்த்தார். வெள்ளை போய், சாம்பல் போய், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. மூக்கு நுனியில் பெயின்ற் தூள் படிந்திருந்தது. திரும்ப முடுக்கி எஞ்சினை இயக்கினோம். இந்த முறை அவர் ரேடியோவையோ வெளிச்சத்தையோ பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல மிதித்தார்.

"இல்லை மிஸ். நிண்டிட்டுது."

"வடிவாக் கேட்டீரோ?"

"ஓம். ஒண்டும் இல்லை."

"உம்மடை காதை நம்பித்தான் இருக்கிறன்," என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்து ரேடியோவோடு இணைத்தார். நான் தேவாரம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தவில். கோயில் திருவிழா ஒன்றில் யாரோ பதிவு செய்த மேளச்சமா, தவில்காரர் மாறி மாறி வாசிக்கும் கச்சேரி. அவர் திருகியைத் திருப்பத் திருப்ப, முன்பு கிழிந்து அலறிய இடத்தைத் தாண்டியும் அது தெளிவாக, அகலமாக ஏறிக்கொண்டே போனது. தடி விழும் பக்கத்தின் பாரமான அடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. கண்ணாடி நடுங்கியது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்துக்கொண்டு, தலையை இருக்கையில் சாய்த்தார். "கேக்குது," என்றார். பிறகு கத்தினார்: "பிள்ளை, கேக்குது!" சின்ன வயதில், பெட்டையள் மேளக்காரருக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூடாது என்று தகப்பனார் விடமாட்டாராம். கோயிலின் வெளி மதிலில் முதுகை ஒட்டிவைத்துக்கொண்டு கேட்பாராம். மதில் அதிரும், முதுகும் அதிரும். இதை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வளவிலிருந்து அவருடைய தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தார். "அக்கா, தெருவாலை சாமி வருதோ? நான் ஒரு பூசைச் சாமானும் எடுத்து வைக்கேல்லை!" என்று அவர் பதற, நாங்கள் இருவரும் காருக்குள் கிடந்து சிரித்து உருண்டோம்.

அதற்கடுத்த மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தேர். வரச் சொல்லிக் கேட்டேன். "பாப்பம்" என்றார். திருவிழாக்களுக்குப் போவதை அவர் விட்டிருந்தார் என்று பிறகு சொன்னார். போனால் பழைய மாணவிகள் சூழ்ந்துகொள்வார்கள், ஆளுக்கொன்று கேட்பார்கள், கூட்டத்து இரைச்சலில் ஒன்றும் பிடிபடாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவார். அதைப் பார்த்துப் பெருமை பிடித்தவர் என்று கதை வந்ததும் அவருக்குத் தெரியும். ஆனாலும் வந்தார். காலையில் நல்லூருக்குப் போய் அவருடனேயே புறப்பட்டேன். கைதடி தாண்டி, சாவகச்சேரி தாண்டி, ஏ-ஒன்பது வீதியில் கொடிகாமம்வரை கார் முழுக்க மேளம். சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றிப் போன லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் அவர் எதிர்பார்த்தது நடந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, "மிஸ்!" என்று ஓடி வந்து, தோளுக்குப் பின்னால் நின்று என்னவோ சொன்னாள். நான் அதிபரின் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நின்றார். முழுதாகத் திரும்பினார். "எனக்குக் காது வடிவாக் கேளாது பிள்ளை. முன்னுக்கு வந்து, என்னைப் பாத்துக் கதையும்," என்றார். பயப்படவோ வருந்தவோ அந்தப் பெண்ணுக்கு நேரமிருக்கவில்லை. முன்னால் வந்து நின்று, குழந்தையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அதிபர் அதைத் திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பிறகு அவர் நடந்த நடை வேறு. யார் கூப்பிட்டாலும் அதையே சொன்னார். வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சாதாரணமாக.

தேர் வீதி சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வந்ததும் மேளச்சமா தொடங்கியது. நான் சனத்துக்குள் அவரைத் தேடினேன். பெண்கள் நின்ற பக்கத்தில் இல்லை. தவில்காரருக்கு நெருக்கத்தில், தடி விழும் இடது பக்கமாகப் பார்த்து, மணலிலேயே சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சேலை புழுதியில் கிடந்தது. கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி தப்பவில்லை. தவில்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் சனம் ஆர்ப்பரித்தது. வாசித்த இளைஞர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்து, "அம்மா, காது அடைக்கேல்லையோ? கொஞ்சம் தள்ளி இருங்கோவன்" என்றார். அதிபர் அவர் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டு, "நீர் பாத்து அடியும் தம்பி, நான் எழும்பமாட்டன்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்துக்கொண்டு தடியை எடுத்தார்.

வெயில் ஏறி, அன்னதானம் முடிந்து, நாங்கள் காரடிக்கு வந்தோம். நான் வழக்கம்போல் பக்கத்து இருக்கைக் கதவைத் திறக்கப் போனேன். அவர் மறுபக்கத்தால் சுற்றி வந்து, கார்த் திறப்பை என் கையில் வைத்தார். மணல் ஒட்டியிருந்த உள்ளங்கை சூடாக இருந்தது.

"காரை நீர் ஓடும் பிள்ளை," என்றார். "நான் கேட்டுக்கொண்டு வரப்போறன்."